கீபாஸ்எக்ஸ்சி: சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவளின் மதிப்புரை

போனைத் தண்ணீரில் போட்டது நான்தான். அதற்கு முந்தைய வாரம் லேப்டாப்பை ஃபார்மேட் செய்ததும் நானேதான். இரண்டில் ஒன்று மட்டும் நடந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

அப்போது வேறொரு பாஸ்வேர்ட் மேனேஜர் வைத்திருந்தேன், அதாவது எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரே இடத்தில் பூட்டிவைக்கும் மென்பொருள். ஆன்லைனில் இயங்கும் வகை. பெயர் எதற்கு, தப்பு என்னுடையது. ஃபார்மேட் செய்த லேப்டாப்பில் அதைத் திறக்கப் போனால், "இது புதிய சாதனம், உங்கள் மெயிலுக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறோம்" என்றது. மெயிலைத் திறக்கப் போனால் பாஸ்வேர்ட் கேட்டது. அந்த பாஸ்வேர்ட் மேனேஜருக்குள் இருக்கிறது. 24 எழுத்து; நான் அதை ஒருநாளும் முழுசாகக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. சரி, 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்பதை அமுக்கினால், போனிலுள்ள ஆப் காட்டும் ஆறு இலக்க எண்ணைக் கேட்டது. போன் அரிசி டப்பாவுக்குள் இருந்தது. வேறு வழியாக முயல்கிறேன் என்றால், மீட்பு எண்ணாக நான் எப்போதோ விட்டொழித்த பழைய நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தைக் காட்டியது.

மேனேஜருக்கு மெயில் வேண்டும், மெயிலுக்கு மேனேஜர் வேண்டும். இரண்டுக்கும் நடுவே செத்துப்போன ஒரு போன். யாரும் எதையும் திருடவில்லை. மேனேஜரைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்ட்கூட எனக்கு நன்றாக நினைவிருந்தது. பூட்டு அத்தனையும் சரியாக வேலை செய்தது, அதுதான் கொடுமை.

காப்பாற்றியது, அலமாரியின் மேல்தட்டில் கிடந்த கீல் உடைந்த பழைய லேப்டாப். தூக்கிப் போடச் சொல்லி வீட்டில் பலதடவை சொல்லியிருக்கிறார்கள். அதன் பிரௌசரில் மெயில் இன்னும் லாக்அவுட் ஆகாமல் இருந்தது. வந்த எண்ணைப் பார்த்து உள்ளே போனேன். இடையில் போனது இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் என் 214 கணக்குகளில் எவை எவை போனால் என்ன ஆகும் என்று நோட்டில் பட்டியல் போட்டேன். பதினோராவது வரிக்கு மேல் எழுத மனம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் கீபாஸ்எக்ஸ்சிக்கு மாறினேன். மூன்று வருடமாகிறது. மேனேஜரை மாற்றியதால் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு தப்பு என்று போகப்போகத் தெரிந்தது.

முதலில், இது என்ன என்று தெரியாதவர்களுக்கு. 2003இல் டொமினிக் ரைக்ல் என்பவர் கீபாஸ் என்ற மென்பொருளை வெளியிட்டார். அதன் வழியில் கீபாஸ்எக்ஸ் வந்தது. அது தேங்கிப்போனதும் ஆர்வலர்கள் சிலர் கையிலெடுத்துத் தொடர்ந்ததுதான் கீபாஸ்எக்ஸ்சி. இலவசம், மூலநிரல் திறந்தே இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பாஸ்வேர்ட் எல்லாம் கேடிபிஎக்ஸ் என்ற வகைக் கோப்பு ஒன்றில் பூட்டப்பட்டு நம் கணினியிலேயே இருக்கும். சர்வர் கிடையாது, கணக்கு திறக்க வேண்டாம், யாருக்கும் மெயில் முகவரி தர வேண்டாம். 'புதிய சாதனம்' என்று மடக்குவதற்கு அந்தப் பக்கத்தில் ஆளே இல்லை. கோப்பும் மாஸ்டர் பாஸ்வேர்டும் இருந்தால் எந்தக் கணினியிலும் திறக்கும். என் பழைய வட்டத்தில் ஒரு வளையம் இத்துடன் கழன்றது.

போனில் இது ஓடாது. அதே கோப்பைத் திறக்க ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ், ஐபோனில் கீபாஸியம், ஸ்ட்ராங்பாக்ஸ் என்று வேறு வேறு ஆட்கள் எழுதிய ஆப்கள் இருக்கின்றன. எனக்கு இதில்தான் நிம்மதி. நாளைக்கே இவர்கள் கடையை மூடினாலும் என் கோப்பை வேறொன்றில் திறந்துகொள்ளலாம்.

மாஸ்டர் பாஸ்வேர்டில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மறந்தால் இதில் மீட்பு வழி கிடையாது. 'ரீசெட்' பொத்தான் இல்லை, எழுதிக் கேட்க ஆள் இல்லை. பாஸ்வேர்டாக வைக்கச் சொற்றொடர் உருவாக்கும் கருவி ஒன்று உள்ளேயே இருக்கிறது. அமுக்கினால் ஏழு ஆங்கிலச் சொற்களைக் கோத்துத் தரும். அடிப்படை யோசனை டைஸ்வேர் முறை. 1995இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் சொன்னது: ஐந்து முறை பகடை உருட்டினால் 7,776 சொற்களில் ஒன்று கிடைக்கும், இப்படி ஆறேழு சொல் எடுத்தால் எவராலும் ஊகிக்க முடியாது, நமக்கோ நினைவில் நிற்கும். முக்கியமான விஷயம், சொல்லைத் தேர்ந்தெடுப்பது பகடையாக இருக்க வேண்டும். நாமே 'மனம்போன போக்கில்' எடுத்தால் மனம் எங்கே போகும் என்று ஊருக்கே தெரியும்.

ஆங்கிலச் சொல் எதற்கு, தமிழிலேயே வைக்கலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. இரண்டு விதமாகவும் செய்துபார்த்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல் எழுதினால், நெடிலுக்கு ஒரு எழுத்தா இரண்டா, 'ழ'வுக்கு எந்த எழுத்து, 'த'வுக்குப் பக்கத்தில் 'எச்' உண்டா என்று ஆறு மாதம் கழித்து நானே என்னிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு சொல்லில் மூன்று இடத்தில் ஐயம் வந்தால் எட்டு விதமாக அடித்துப் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்திலேயே வைப்பது இன்னும் ஆபத்து. 'கொ' என்ற எழுத்தில் 'க'வுடன் சேரும் ஒகரக் குறியை, கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கணினி பார்க்கும் பைட்டுகள் வேறு. வேறொரு கீபோர்டில் அடித்தால் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தும் பூட்டு திறக்காமல் போகலாம். அதோடு, அவசரத்துக்கு யாருடைய கணினியிலாவது உட்காரும்போது அதில் தமிழ் கீபோர்டு இருக்கும் என்று என்ன நிச்சயம்? பேசாமல் ஆங்கிலச் சொற்கள் ஏழுக்கே வந்துவிட்டேன்.

மறதிக்குப் பெரிய காரணம் கைரேகைதான் என்பது என் கட்சி. கீபாஸ்எக்ஸ்சியில் விண்டோஸ் ஹலோ, டச் ஐடி மூலம் சட்டென்று திறக்கும் வசதி இருக்கிறது. போன் ஆப்களிலும் உண்டு. நாலு மாதம் விரலை வைத்தே திறந்துகொண்டிருந்தால் ஐந்தாவது மாதம் விரல் மட்டும்தான் நினைவிருக்கும். அதனால் லேப்டாப்பில் அதை வேண்டுமென்றே அணைத்துவைத்திருக்கிறேன். தினம் காலையில் ஒருமுறை ஏழு சொல்லையும் அடிக்கிறேன். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இப்போது கை தன்னால் போகிறது. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால்தான் தடுமாறுகிறது.

அடுத்தது, நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம். பாஸ்வேர்டோடு சேர்த்து 'கீ ஃபைல்' என்று ஒரு கோப்பையும் சாவியாக வைக்கலாம். இரண்டும் இருந்தால்தான் திறக்கும். இதற்கென்று மென்பொருளே ஒரு கோப்பை உருவாக்கித் தரும். ஆனால் எந்தக் கோப்பையும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் நான் ஒரு புகைப்படத்தை வைத்தேன். ஆயிரம் படங்களுக்கு நடுவே ஒரு பூனைப்படம் சாவி என்று எவன் கண்டுபிடிப்பான்! பெருமையாகவே இருந்தது. லேப்டாப்பில் திறந்தது. போனில் திறக்கவில்லை. பாஸ்வேர்டை மெதுவாக, சத்தமாகப் படித்துக்கொண்டே அடித்தேன், திறக்கவில்லை. ஒரு மணிநேரம் கழித்துத்தான் புரிந்தது: படத்தை அரட்டை ஆப் வழியாகப் போனுக்கு அனுப்பியிருந்தேன். வழியில் அது படத்தைச் சுருக்கிவிட்டது. கண்ணுக்கு அதே பூனை, உள்ளே வேறு கோப்பு. ஒரே ஒரு பைட் மாறினாலும் அது வேறு சாவிதான். லேப்டாப்பில் அசல் இருந்ததால் பிழைத்தேன். அசலையே ஏதோ ஒரு ஆப்பில் திறந்து, சுழற்றி, 'சேமி' கொடுத்திருந்தால் 214 கணக்கும் பூனையோடு போயிருக்கும்.

இப்போது கீ ஃபைலே இல்லை. வீட்டில் உபயோகிக்கும் என் போன்றவர்களுக்கு அது திருடனைவிட உரிமையாளரைத்தான் அதிகம் தடுக்கும் என்று நினைக்கிறேன். வேண்டும் என்பவர்கள் மென்பொருள் உருவாக்கித் தரும் கோப்பையே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் தனியாக நகல் எடுங்கள்.

அன்றாட உபயோகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது. பிரௌசருக்கு, பாஸ்வேர்டை நிரப்பித் தரும் ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டு முதல்தடவை இணைத்துக்கொள்ள வேண்டும். காப்பி செய்த பாஸ்வேர்ட் பத்து நொடியில் கிளிப்போர்டிலிருந்து அழிந்துவிடும். முதலில் பதறவைக்கும், பழகிவிடும். போலித் தளத்துக்குப் போனால் எக்ஸ்டென்ஷன் எதையும் நிரப்பாது, ஏனென்றால் அது பார்ப்பது முகவரியை. அப்படிச் சும்மா இருக்கும்போது "என்னடா இது" என்று நாமே காப்பி அடித்து ஒட்டிவிடக் கூடாது. தோற்றம் கொஞ்சம் பழைய ஆபீஸ் மென்பொருள் மாதிரி இருக்கும். எனக்குக் குறையாகப் படவில்லை.

பாஸ்வேர்ட் மாற்றினால் பழையது அந்தப் பதிவின் வரலாற்றில் இருக்கும். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஒரு தளத்தில் புதிய பாஸ்வேர்ட் உருவாக்கி மேனேஜரில் சேமித்துவிட்டீர்கள், ஆனால் தளம் ஏதோ காரணத்தால் மாற்றத்தை ஏற்கவில்லை என்று வையுங்கள். இப்போது உங்களிடம் இருப்பது செல்லாத பாஸ்வேர்ட். எனக்கு இது இரண்டு தடவை நடந்திருக்கிறது. வரலாற்றைத் திறந்து பழையதை எடுத்துக்கொண்டேன்.

ஒத்திசைவு உங்கள் பாடு. கோப்பை ஏதாவது ஒரு கிளவுட் ஃபோல்டரில் போட்டு லேப்டாப்பிலும் போனிலும் திறக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் மாற்றினால் இரண்டு பிரதி ஆகிவிடும். அப்போது பழையது எது என்று பார்த்து அழிக்கப் போகாதீர்கள். மெனுவில் 'மெர்ஜ்' என்று இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகக் கலந்து தரும். சேமிக்கும்முன் பழைய பிரதியைப் பத்திரப்படுத்தும் விருப்பமும் அமைப்புகளில் உண்டு. நிறுவியதும் நான் போட்ட முதல் டிக் அதுதான்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். மாறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தேன். விதி எளிது: போன் செத்துவிட்டது, லேப்டாப் திருட்டுப் போய்விட்டது. கையில் எதுவும் இல்லை. தம்பியின் கணினியில் விருந்தினர் கணக்கு ஒன்றைத் திறந்து உட்கார்ந்தேன். தம்பி பின்னால் நின்று வேடிக்கை பார்த்தான்.

மூன்றாவது நிமிடத்தில் தோற்றேன். பாஸ்வேர்ட் கோப்பு கிளவுட் ஃபோல்டரில் பத்திரமாக இருக்கிறது. அந்த கிளவுட் கணக்கின் பாஸ்வேர்ட் எங்கே இருக்கிறது? அந்தக் கோப்புக்குள். "அக்கா, போன தடவையும் இதைத்தானே பண்ணினாய்?" என்றான். அதே வட்டம், இந்த முறை புது மென்பொருளில்.

அன்றைக்கே இரண்டு வேலை செய்தேன். கோப்பின் நகலை இரண்டு பென் டிரைவில் போட்டேன். கூடவே கீபாஸ்எக்ஸ்சியின் நிறுவாமல் ஓடும் போர்ட்டபிள் பதிப்பையும் போட்டேன். ஒன்று என்னிடம், ஒன்று தம்பியிடம். இரண்டாவது வேலை, காகிதம். மெயில் கணக்கின் பாஸ்வேர்ட், அதன் பேக்கப் கோடுகள், மாஸ்டர் பாஸ்வேர்ட் மூன்றையும் எழுதி உறையில் போட்டு ஒட்டினேன். கூகுள் கணக்கு என்றால் எட்டு இலக்கத்தில் பத்து கோடுகள் தரும், ஒவ்வொன்றும் ஒரே முறை செல்லும். போன் இல்லாமல் உள்ளே போக அவைதான் வழி. காகிதத்தில் பாஸ்வேர்ட் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இணையம் வழியாக என் அலமாரியைத் திறக்கும் ஆள் இன்னும் பிறக்கவில்லை. வீட்டுக்குள் நம்பிக்கையில்லாத ஆட்கள் இருப்பவர்கள் வேறு இடம் பார்க்கத்தான் வேண்டும், அது வேறு கணக்கு.

ஆறு மாதம் கழித்து அடுத்த ஒத்திகை. இந்த முறை கோப்பு திறந்தது, மெயில் திறக்கவில்லை. நான் எழுதிய எழுத்து ஆங்கில 'எல்'லா, எண் ஒன்றா என்று எனக்கே தெரியவில்லை. மறுபடி எழுதினேன்: எண்களின் கீழ் கோடு, பெரிய எழுத்துகளின் மேல் புள்ளி. அதற்கடுத்த ஒத்திகையில் தம்பியின் பென் டிரைவில் இருந்த கோப்பு பதினோரு மாதப் பழையது. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று உடைந்திருக்கும். அதற்குத்தானே ஒத்திகை.

போன் ஆப் காட்டும் ஆறு இலக்க எண்களையும் கீபாஸ்எக்ஸ்சியே உருவாக்கித் தரும். முப்பது நொடிக்கு ஒருமுறை மாறுமே, அதே வகை. பாஸ்வேர்டையும் அந்த எண்ணையும் ஒரே பெட்டியில் வைத்தால் இரண்டு பூட்டுக்கு ஒரே சாவி ஆகிவிடாதா என்பது நியாயமான கேள்வி. நான் பாதிப் பாதி. சில்லறைக் கணக்குகளின் எண்கள் இங்கேயே இருக்கின்றன, போன் போனாலும் பிழைக்கும். மெயிலுடையது மட்டும் போனில் தனி ஆப்பில், அதன் பேக்கப் கோடுகள் உறையில். பாஸ்வேர்டுக்குப் பதிலாக வரும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீயையும் 2024இல் வந்த 2.7.7 பதிப்பிலிருந்து சேமிக்கலாம். நான் இரண்டு தளங்களில் மட்டும் வைத்திருக்கிறேன், அதுவும் பழைய பாஸ்வேர்டை நீக்காமல்.

ஆன்லைன் வகையே வேண்டும் என்பவர்களைத் தடுக்க மாட்டேன். கோப்பு, பென் டிரைவ் என்று அலைய எல்லோருக்கும் பொறுமை இருக்காது. பிட்வார்டன் என்றால், இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு எண்ணும் கேட்பது) போட்ட அன்றே அதன் ரெகவரி கோடை எடுத்துக் காகிதத்தில் வையுங்கள்; போன் போனால் அந்த அடுக்கை நீக்க அதுதான் உதவும். மாஸ்டர் பாஸ்வேர்டை அது மீட்டுத் தராது. எல்லாவற்றையும் நகலாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட்டிலும் கவனம்: பூட்டிய எக்ஸ்போர்ட்டில் இரண்டு வகை உண்டு. கணக்கோடு கட்டிய வகையை அதே கணக்கில்தான் திரும்ப ஏற்ற முடியும். கணக்கே போய்விட்டால் அந்த நகலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தனி பாஸ்வேர்ட் போட்டு எடுக்கும் வகையே நகலுக்கு உதவும். ஒன்பாஸ்வேர்ட் என்ற மேனேஜரில் பாஸ்வேர்டோடு 34 எழுத்து சீக்ரெட் கீயும் உண்டு. அதை அச்சடித்து வைக்க 'எமர்ஜென்சி கிட்' என்று ஒரு தாளே தருகிறார்கள். அதை டவுன்லோடு ஃபோல்டரில் போட்டுவிட்டு மறப்பவர்கள் எத்தனை பேரோ. 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற இன்னொரு ஆன்லைன் மேனேஜரின் வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களின் நகல்கள் திருடப்பட்டன, தள முகவரிகள் பூட்டாமலே இருந்தன என்பதும் தெரிந்த கதை. பெட்டகம் திருடன் கையில் இருக்கும்போது இடையில் நிற்பது மாஸ்டர் பாஸ்வேர்ட் ஒன்றுதான். ஏழு சொல் வைத்தவர் கொஞ்சம் தூங்கலாம்.

எந்த வகையிலிருந்து எதற்கு மாறினாலும், சிஎஸ்வி என்ற வெறும் பட்டியல் கோப்பாக எக்ஸ்போர்ட் எடுத்தால் அத்தனை பாஸ்வேர்டும் பூட்டாமல் பச்சையாக அதில் இருக்கும். ஏற்றி முடித்ததும் அழியுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழியுங்கள். நான் அழித்தது நாலு மாதம் கழித்து.

குறை என்று கேட்டால்: குடும்பத்தோடு பகிர்வது லேசு இல்லை, போனுக்கு இன்னொரு ஆப் தேடவேண்டும், நகல் எடு என்று யாரும் நினைவூட்ட மாட்டார்கள். ஐந்துக்கு நான்கு தருவேன். அம்மாவுக்கு இதைப் போட்டுக் கொடுக்கவில்லை. அம்மாவுக்கு இருப்பது ஆறு கணக்கு. ஒரு நோட்டு வாங்கி, பெரிய எழுத்தில், பக்கத்துக்கு ஒன்றாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் வேறு வேறு பாஸ்வேர்ட், நோட்டு பீரோவில். இதுவரை ஒருமுறைகூட வெளியே மாட்டிக்கொள்ளாதது வீட்டில் அம்மா மட்டும்தான்.

போன மாத ஒத்திகை 22 நிமிடத்தில் முடிந்தது. மெயில் திறந்தது, கோப்பு திறந்தது, பேக்கப் கோடில் ஒன்று செலவானது. உறையில் அதை அடித்துவிட்டுத் தேதி போட வேண்டும், இன்னும் போடவில்லை.